குடியிருக்க ஒரு மலையூர்: வெள்ளவத்தையில் இருந்து சைக்கிளில்

சனிக்கிழமை, கித்துல்கலை

கொழும்பை விட்டு மலைநாட்டில் போய் இருப்பது என்று வீட்டில் பேசி முடித்துவிட்டோம். எந்த ஊர் என்பதுதான் பாக்கி. என் வேலை வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்குக் கணக்குப் பார்ப்பது. நல்ல இணைய இணைப்பு இருந்தால் எங்கிருந்தும் செய்யலாம். மனைவி ஆசிரியை. இடமாற்றத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, "ஊரை நீங்களே பார்த்துச் சொல்லுங்கோ, வீட்டை மட்டும் நான் பார்த்துத்தான் ஓம் சொல்லுவன்" என்று அனுப்பி வைத்திருக்கிறார். கூட வருவது அவருடைய தம்பி. கட்டட நிறுவனம் ஒன்றில் படம் வரைகிறவர். நான் பாதையைப் பார்த்துக்கொண்டு போனால் அவர் மதில், தண்ணீர் வடியும் கான், அத்திவாரம் என்று பார்த்துக்கொண்டு வருவார். வீடு தேடப் போகும்போது அப்படி ஒருவர் கூட இருப்பது பெரிய பலம்.

2022இல் பெற்றோல் வரிசை காலி வீதி நெடுக நின்ற மாதங்களில் சைக்கிளை வெளியே எடுத்த கொழும்புக்காரர்கள் நிறையப் பேர். எரிபொருள் வந்ததும் பலர் அதைத் திரும்பப் படிக்கட்டுக்குக் கீழே சாத்திவிட்டார்கள். நான் விடவில்லை. வெள்ளவத்தைச் சந்தைக்கும் கொட்டாஞ்சேனையில் இருக்கும் அம்மா வீட்டுக்கும் இன்றுவரை சைக்கிள்தான். ஆனால் காலி வீதியில் பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவில் கிடைக்கிற ஒரு முழ இடத்தில் எத்தனை வருடம் ஓடுவது? மரைன் டிரைவில் விடியற்காலையில் ஓட நன்றாகத்தான் இருக்கிறது. அங்கே கடல் உப்பு செயினைத் தின்கிறது. அடிக்கடி துடைத்து எண்ணெய் போடாவிட்டால் இணைப்புகள் இறுகிப்போய், மிதிக்கும்போது கரகரவென்று சத்தம் போடும்.

மலைக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. ஓர் ஊருக்கு ஒருநாள் போய் ஏறி இறங்கி, படம் எடுத்துக்கொண்டு வருவது வேறு. அங்கே செவ்வாய்க்கிழமை பின்னேரம் சீனி வாங்கப் போவது வேறு. எனக்கு வேண்டியது இரண்டாவது. அதனால் ஒவ்வொரு ஊரிலும் சில விஷயங்களை விடாமல் கேட்கப் போகிறேன். மழை எந்த மாதத்தில் தொடங்கி எப்போது விடும்? வாசலில் இருந்து புறப்பட்டு, போன வழியே திரும்பாமல் ஒரு சுற்றுச் சுற்றி வர முடியுமா? பஸ் ஓடாத பாதை பக்கத்தில் இருக்கிறதா? வீட்டுக்கு மேலே இருக்கும் மண் அங்கேயே இருக்குமா?

இன்றைய பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இருட்டோடு புறப்பட்டதால் நுகேகொடை, மஹரகம, ஹோமாகமை எல்லாம் நெரிசல் தொடங்குவதற்குள் பின்னால் போய்விட்டன. அவிசாவளையில் இடியப்பமும் பருப்பும் சம்பலும் சாப்பிட்டோம். அங்கிருந்து ஹட்டன் வீதி. யட்டியாந்தோட்டை தாண்டிய பிறகு இறப்பர் மரங்களின் நிழல், பக்கத்தில் களனி கங்கை. மட்டக்குளியில் மண்ணிறமாகக் கடலில் கலக்கிற அதே ஆறு இங்கே பாறைகளுக்கு நடுவில் நுரை தள்ளிக்கொண்டு ஓடுகிறது. படகுச் சவாரிக்கு வந்த பிள்ளைகளின் கூச்சல் இப்போது அறைவரை கேட்கிறது.

ஞாயிற்றுக்கிழமை, ஹட்டன்

கித்துல்கலையில் இருந்து ஹட்டன் நாற்பது கிலோமீற்றருக்குள்தான். ஆனால் அதற்குள் ஆயிரம் மீற்றருக்கு மேல் ஏற வேண்டும். என் சைக்கிளில் முன்னால் 34 பல், பின்னால் பெரிய பல்சக்கரமும் 34 பல். அதாவது மிதியை ஒரு சுற்றுச் சுற்றினால் சில்லும் ஒரு சுற்று. கினிகத்தேனை ஏற்றத்துக்கு அது போதுமாக இருந்தது. மாட்டு வண்டி ஏறக்கூடிய சரிவாகப் பார்த்து அந்தக் காலத்தில் வெட்டிய வழிகள் என்பதால், மலைநாட்டுப் பிரதான வீதிகள் நீளமாக இழுக்கும், சுவர் மாதிரி நிமிராது. நிமிர்ந்து நிற்பவை அவற்றில் இருந்து பிரிகிற கொங்கிரீட் பாதைகள். வீடுகள் இருப்பதும் பெரும்பாலும் அவற்றில்தான்.

ஏற்றத்தை விடக் கஷ்டமானது பஸ். சிவனொளிபாதமலைப் பருவம் மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் வரை போகும், இது நடுப் பருவம். கொழும்பில் இருந்து வரும் யாத்திரை பஸ்கள், வான்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான். வளைவுக்கு முன்னால் ஹோர்ன் அடித்துவிட்டு எதிர்ப்பக்கத்துக்கு வந்துதான் திரும்புவார்கள், வேறு வழியும் அவர்களுக்கு இல்லை. வளைவின் உள்பக்கத்தில் இருப்பவன் கானுக்குள் இறங்க வேண்டியதுதான். தம்பியை முன்னால் விட்டுவிட்டு நான் பின்னால் வந்தேன். பஸ் சத்தம் கேட்டால் "ஓரம்" என்று கத்துவேன், அவர் திரும்பிப் பார்க்காமல் ஒதுங்குவார்.

வட்டவளையில் நின்று தேத்தண்ணி குடித்தோம். இலங்கையில் அதிகம் மழை பெய்யும் இடங்களில் இது ஒன்று. வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல், கொழும்பில் பெய்வதைப் போல் இரண்டு மடங்கு. இன்று நல்ல வெயில். ஆனால் கடைச் சுவரில் இடுப்பளவுக்குப் பாசி படிந்த தடம். தகரக் கூரையின் ஆணிகளைச் சுற்றி எல்லாம் துரு. தம்பி அதைப் பார்த்துவிட்டு, "அத்தான், இதில செயினை என்ன செய்வியள்?" என்று கேட்டார். உப்புக்குத் தப்பி வந்து ஈரத்தில் மாட்டுவதா என்று எனக்கும் அதே யோசனைதான்.

திங்கட்கிழமை, ஹட்டன்

மூட்டைகளை அறையில் வைத்துவிட்டு, டிக்கோயா வழியாக இறங்கிக் காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்து நோர்வூட் வரை போனோம். சைக்கிளோட்டத்துக்கு இதைவிட அழகான பாதையை நான் இதுவரை கண்டதில்லை. ஒரு பக்கம் கொழுந்து மலை, ஒரு பக்கம் தண்ணீர். பாதை தண்ணீர் மட்டத்தோடேயே வளைந்து வளைந்து போகிறது, பெரிய ஏற்றமும் இல்லை. தூரத்தில் சிவனொளிபாதமலையின் கூம்பு. வழி முழுக்கத் தமிழ். பிள்ளைகள் சைக்கிளோடு கொஞ்ச தூரம் ஓடி வந்து கையசைத்தார்கள்.

நோர்வூட்டில் ஒரு தேத்தண்ணிக் கடையில் மஸ்கெலியாப் பக்கத்துப் பெரியவர் ஒருவருடன் கதைத்தோம். தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மவுசாகலை அணை 1969இல் கட்டி முடிந்தபோது பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது. அதை அவர் சின்னப் பையனாகப் பார்த்திருக்கிறார்.

"அந்தத் தண்ணிக்குள்ளதாங்க எங்க அப்பா சாமான் வாங்குற கடை. தண்ணி வத்துனா பழைய கோயிலு தெரியும், போய்ப் பாக்குறதுங்க."

இங்கே குடிவர யோசிப்பதாகச் சொன்னேன். அவர் கண்ணாடிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மழையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். "வைகாசி பொறந்தா ஆவணி வரைக்கும் ஒரே மழதாங்க தம்பி. போட்ட துணி காயாது. நீங்க சைக்கிள எடுத்துக்கிட்டு எங்கிட்டுப் போவீங்க?"

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் மனதில் நிற்கிறது. பேரன் கொழும்பில் கடையில் வேலை. ஊருக்கு வந்து ஒரு சின்ன வீடு கட்ட ஆசை. ஆனால் கட்ட நிலம் இல்லை. லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளும் அவற்றைச் சுற்றிய மண்ணும் தோட்டத்துடையவை. மலையகத் தமிழர் வந்து 200 வருடம் என்று 2023இல் நினைவுகூர்ந்தார்கள். அந்த 200 வருடத்துக்குப் பிறகும் பெரும்பாலான குடும்பங்களுக்குத் தாங்கள் படுத்தெழும்பும் இடத்துக்குக் காணி உறுதிப் பத்திரம் கிடையாது. கொழும்புச் சம்பளத்தை வைத்துக்கொண்டு வீடு தேடி வந்திருக்கிற நான் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா போக முடியாது. இந்தப் பக்கம் வந்தால் இருக்கிற வீட்டை வாடகைக்கு எடுப்பேன், நிலம் வாங்கி வேலி போட மாட்டேன். இரவு மனைவியிடம் தொலைபேசியில் சொன்னேன். அவரும் அதுவே சரி என்றார்.

ஹட்டனைப் பற்றி என் முடிவு: மனம் முழுக்க ஓம் சொல்கிறது, மழை இல்லை என்கிறது. வருடத்தில் நான்கு மாதம் நனைந்த பிரேக்கோடு, யாத்திரைப் பருவத்தில் பஸ்களோடு. மிச்ச மாதங்கள் சொர்க்கம்தான். ஆனால் குடியிருப்பது பன்னிரண்டு மாதமும்.

செவ்வாய்க்கிழமை, நுவரெலியா

கொட்டகலை, சென்கிளேயர் நீர்வீழ்ச்சி, தலவாக்கலை, நானுஓயா. பாதை நன்றாக இருக்கிறது. தலவாக்கலையில் ஓர் இரவு தங்கலாமா என்று யோசித்துவிட்டு, மழைக்கணக்கில் அதுவும் மேற்குச் சரிவுதானே என்று மிதித்துக்கொண்டே வந்துவிட்டோம்.

நுவரெலியா 1,868 மீற்றரில் இருக்கிறது. கிரகரி ஏரியைச் சுற்றிச் சமதரை உண்டு, ஆஸ்பத்திரி உண்டு, கடைகள் உண்டு. ஆனால் சித்திரை வசந்த காலத்தில் கொழும்பே இங்கே ஏறி வந்துவிடும். வீட்டுக்காரர்கள் அந்த மாதத்தை வைத்துத்தான் வாடகை பேசுகிறார்கள். இரவில் குளிர் எலும்பைத் தொடுகிறது. தை, மாசியில் சில நாட்கள் புல்லில் பனி உறைந்து கொழுந்தும் கருகிப்போகும். எனக்குக் குளிர் பிடிக்கும். மனைவிக்கு மூட்டு வலி இருக்கிறது. ஆகவே இந்த ஊரைப் பட்டியலில் இருந்து எடுத்தாகிவிட்டது.

புதன்கிழமை, பண்டாரவளை

பயணத்தின் நல்ல நாள் இதுதான்.

காலையில் சீதா எலிய சீதை அம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு ஹக்கலை இறக்கத்தில் இறங்கினோம். தாவரவியற் பூங்காவைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் காற்றின் ஈரம் மாறுவதை முகத்தில் உணரலாம். நாட்டின் நடு மலைத்தொடர் மழையை இரண்டாகப் பிரிக்கிறது. வைகாசியில் இருந்து புரட்டாதி வரையான தென்மேற்குப் பருவமழை ஹட்டன் பக்கத்தில் கொட்டி முடிந்துவிடும், தொடரைத் தாண்டி ஊவாப் பக்கம் வருவது காய்ந்த காற்று. ஊவாத் தேயிலைக்கு ஆடி, ஆவணியில் தனி வாசனை வருவதும் இந்தக் காய்ந்த காற்றால்தான். ஊவாவுக்கு மழை ஐப்பசியில் இருந்து தை வரை. அதுவும் பெரும்பாலும் பின்னேர மழை என்று கெப்பெட்டிப்பொலையில் மரக்கறி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் சொன்னார்கள். காலையில் ஓடிவிட்டு மதியத்துக்குள் வீடு சேர்ந்தால் நனையாமல் இருக்கலாம். கணக்குப் பார்க்கிறவனுக்கு இது முக்கியமான கணக்கு.

இறக்கத்தில் பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை. வெலிமடை வரை இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டு போனால் றிம் சூடேறும், சூட்டில் டியூப் வெடிக்கலாம். வளைவுக்கு முன்னால் இரண்டையும் பலமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டு, நேர்ப்பாதையில் ஆறவிட வேண்டும். தம்பியின் சைக்கிள் பழைய றிம் பிரேக். இடையில் நிறுத்தி விரலால் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார். கெப்பெட்டிப்பொலையில் பிரேக் கட்டையைக் கழற்றிப் பார்த்தோம். புதிதாகப் போட்டுக்கொண்டு வந்த கட்டையில் கோடுகள் பாதி அழிந்து, உள்ளே அலுமினியத் துகள் மினுங்கியது. குண்டூசியால் குத்தி எடுத்தோம். மலையூரில் இருக்கப் போகிறவர்கள் டிஸ்க் பிரேக் சைக்கிளாக வாங்குங்கள். அதில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

வெலிமடையில் உருளைக்கிழங்கு, லீக்ஸ், போஞ்சி வயல்கள். வெட்டவெளி, நல்ல வெயில். ஊர் பிடித்தது. ஆனால் வாடகைக்கு வீடு என்று கேட்டால் கடைக்கு மேல் அறைகளைத்தான் காட்டினார்கள். மிரஹாவத்தை வழியாகப் பண்டாரவளைக்கு வந்து சேர்ந்தபோது பின்னேரம். கடல்மட்டத்தில் இருந்து 1,200 மீற்றர் சொச்சம். ஸ்வெட்டர் தேவைப்படவில்லை, வியர்க்கவும் இல்லை.

வியாழக்கிழமை, பண்டாரவளை

அப்புத்தளைக்குப் போய் வந்தோம். பாதி நாள் அதற்கே.

அப்புத்தளை மலையின் விளிம்பிலேயே உட்கார்ந்திருக்கிற ஊர். கடைத்தெருவில் நின்றால் ஒரு பக்கம் தென்பகுதிச் சமவெளி முழுவதும் காலடியில். வானம் தெளிந்த நாளில் கடலும் தெரியும் என்கிறார்கள், இன்று நீலப் புகார்தான். அங்கிருந்து தம்பேதென்ன வழியாக லிப்டன் சீட் வரை ஏறினோம். தோமஸ் லிப்டன் 1890இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை வழியில் இன்னும் ஓடுகிறது. தொழிற்சாலைக்கு மேலே பாதை ஒடுங்கி, கொழுந்துக்கு நடுவில் வளைந்து 1,970 மீற்றர் வரை போகிறது. வாகனம் குறைவு. பாடசாலை போகும் பிள்ளைகள், கொழுந்துச் சாக்கு ஏற்றிய லொறி ஒன்று, இரண்டு ஓட்டோ. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் எங்களைப் பார்த்து, "ஓட்டோவுல போனா முன்னூறு ரூவா கூடுதலா கேப்பாங்கன்னு பயந்தா சைக்கிள்ல வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு, தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்தார்.

ஆனால் தம்பேதென்னப் பக்கம் தவிர, அப்புத்தளையில் இருந்து எங்கே புறப்பட்டாலும் முதலில் இறக்கம், வீடு திரும்பும்போது கடைசியில் ஏற்றம். களைத்துப்போய், சாமானோடு, இருட்டுகிற நேரத்தில் அந்தக் கடைசி ஏற்றத்தைத் தினமும் ஏற வேண்டும். விளிம்பில் அடிக்கும் காற்றும் பொல்லாதது. ஆடி மாதத்தில் தகரத்தின் மேல் கல் வைத்தும் நிற்காது என்று பேக்கரிக்காரர் சொன்னார். அவர் கடையின் மாலு பாண் அருமை, அதற்காகவே கிழமைக்கு ஒருமுறை வரலாம்.

பெரகலைச் சந்தி வரை இறங்கிப் பார்த்தோம். இடப்பக்கம் போனால் கொஸ்லந்தை, மீரியபெத்தை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்து லயங்களை மூடிய இடம். அது ஆபத்தான நிலம் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். போக வேறு இடம் இல்லாததால் மக்கள் இருந்தார்கள். சந்தியில் சைக்கிளைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றோம். நான் வீடு தேர்ந்தெடுக்கிறேன். அவர்களுக்குத் தேர்ந்தெடுக்க எதுவும் தரப்படவில்லை. அது எனக்கு ஆறவில்லை.

பின்னேரம் எல்ல என்ற ஊரைப் பற்றியும் கேட்டார் தம்பி. போக வேண்டாம் என்றேன். ஊரில் வீடுகள் எல்லாம் விருந்தினர் அறைகளாக மாறிவிட்டன. அங்கிருந்து வெல்லவாயாவுக்கு இறங்குவது 2025 செப்டெம்பரில் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து பல உயிர்கள் போன வீதி. அதைத் தினசரி வழியாக வைத்துக்கொள்ள எனக்கு மனம் இல்லை.

வெள்ளிக்கிழமை, தியத்தலாவை

சுற்று கிடைத்துவிட்டது.

பண்டாரவளையில் இருந்து தியத்தலாவை, அங்கிருந்து அப்புத்தளை, பிறகு பிரதான வீதியில் திரும்பப் பண்டாரவளை. இருபத்தைந்து கிலோமீற்றருக்குள் முடிகிறது. தியத்தலாவைப் பாதி அமைதியாக இருக்கிறது. பைன் மரங்கள், புற்றரைக் குன்றுகள், இராணுவப் பயிற்சி நிலையங்களின் நீண்ட வேலிகள். 1900இல் தென்னாபிரிக்காவில் பிடித்த போவர் போர்க்கைதிகளைப் பிரித்தானியர் கொண்டுவந்து அடைத்து வைத்தது இங்கேதான். மலைகளுக்கு நடுவில் ஊர் ஒரு தட்டுப் போல அமைந்திருப்பதால் கடை, தபால் கந்தோர், ஆதார வைத்தியசாலை எல்லாவற்றுக்கும் மூச்சு வாங்காமல் போய் வரலாம். அப்புத்தளை வரை இருநூறு மீற்றர் சொச்சம் ஏற்றம், பிறகு வீடுவரை இறக்கம். ஏற்றம் முதலில், இறக்கம் கடைசியில். நேரம் குறைவென்றால் பாதியில் திரும்பலாம். கூடினால் தம்பேதென்ன வரை நீட்டலாம். ஓர் ஊரில் வருடக்கணக்காகச் சைக்கிள் ஓட்ட இப்படி ஒரு சுற்று வேண்டும்.

காலையில் எனக்கு முன்னால் ஓர் ஐயா, பின்னால் மண்ணெண்ணெய்க் கலன் கட்டிய கியர் இல்லாத சைக்கிளில், அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தார். இந்தப் பயணத்தில் மலையூர் ஒன்றில் உள்ளூர்க்காரர் சைக்கிளில் சாமான் கொண்டுபோவதை இங்கேதான் கண்டேன். அவரைக் கண்டதும் எனக்குப் பாதி முடிவு வந்துவிட்டது. பண்டாரவளையில் சிறுவர் சைக்கிள் விற்கும் கடை ஒன்றில் பின் அறையில் பழுது பார்க்கிறார்கள். சில்லு நேராக்கும் சட்டம் இருக்கிறது. கம்பி கட்டத் தெரிந்த கை அங்கே வேலை செய்யும் பையனுடையது, நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அரிதான உதிரிப்பாகம் என்றால் கொழும்பில் இருந்து பஸ்ஸில் அனுப்பிவிக்க வேண்டும்.

வீடுகள் இரண்டு பார்த்தோம். முதலாவது அழகான வீடு. ஆனால் மலையை வெட்டி உட்காரவைத்த வீடு. பின்சுவருக்கு ஆறடி தள்ளிச் செங்குத்தாக மண். அதைத் தாங்கும் கல் அணையில் தண்ணீர் வடிய விட்ட ஓட்டைகளைச் சீமெந்தால் அடைத்திருந்தார்கள். தம்பி முழங்காலில் இருந்து ஓர் ஓட்டையைச் சாவியால் கிண்டினார். உள்ளே இருந்து சேறு கசிந்தது, பல நாளாக மழை இல்லாத நேரத்தில். மேலே ஏறிப் பார்த்தால் வேலிக் கம்பங்கள் நான்கும் வீட்டுப் பக்கம் சாய்ந்து நின்றன. நிலத்தில் விரல் நுழையும் அளவு ஒரு வெடிப்பு, வளைந்து போகிறது. "அத்தான், இது வேண்டாம்" என்றார். வேறு பேச்சுக்கு இடமே இல்லை. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண் சரிந்து எத்தனை குடும்பங்கள் போயின. வீட்டுக்காரரிடமும் வெடிப்பைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினோம். அவர் பயந்துபோய், திங்கட்கிழமையே பிரதேச செயலகத்தில் சொல்வதாகச் சொன்னார். அங்கிருந்து, மண்சரிவு அபாயத்தைப் பார்க்கிற தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அறிவித்து வந்து பார்க்கச் சொல்லலாம்.

இரண்டாவது வீடு தியத்தலாவைப் பக்கம், ஒரு மேட்டின் முதுகில். இரண்டு பக்கமும் மெதுவாகச் சரியும் நிலம், மேலே தலைக்குமேல் மண் இல்லை. ஓய்வு பெற்ற தாதி ஒருவர் கீழ்வீட்டில் இருக்கிறார்.

"கொழும்புல இருந்து சைக்கிள்லயா வந்தீங்க? சரி, முதல்ல உக்காந்து சாப்பிடுங்க."

ரொட்டியும் கட்டச் சம்பலும் வந்தன. வீட்டைச் சுற்றிக் கான் ஓடுகிறது, தண்ணீர் தெருக் கானில் விழுகிறது. தம்பி குழாயைத் திறந்து மூடி, சுவரைத் தட்டி, கூரைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்துத் தலையாட்டினார். தெருவில் இருந்து வாசல் வரை இருபது மீற்றர் சரிவு, அதுவும் சைக்கிளில் இருந்தபடியே ஏறலாம். வாடகை வெள்ளவத்தையில் இரண்டு அறை வீட்டுக்குக் கொடுப்பதில் பாதிக்கும் குறைவு. பேரம் பேசவில்லை. அந்த அம்மாவின் வருமானம் அது. என் கைத்தொலைபேசியை வைத்து இணைய வேகம் பார்த்தேன், கணக்கு வேலைக்குப் போதும்.

ஞாயிற்றுக்கிழமை, வெள்ளவத்தை

நேற்று பெரகலையில் இருந்து ஹல்துமுல்லை, பெலிஹுல்ஓயா என்று இறங்கிப் பலாங்கொடையில் பஸ் ஏறினோம். கொண்டக்டர் முன் சில்லைக் கழற்றச் சொல்லி இரண்டு சைக்கிளையும் பின் ஆசனத்துக்குப் பின்னால் நிறுத்தினார். சைக்கிளுக்குத் தனியாக டிக்கெட் போட்டார், நியாயம்தான்.

இன்று காலையில் மனைவியிடம் படங்களைக் காட்டினேன். ஏரியையும் மலையையும் அவர் வேகமாகத் தள்ளிவிட்டார். குசினி, மலசலகூடம், கான், வாசல் சரிவு, இவற்றில்தான் நின்றார். தியத்தலாவையில் தமிழ்ப் பாடசாலை எவ்வளவு தூரம், பஸ் எத்தனை மணிக்கு என்று தம்பியைக் கேட்டு எழுதிக்கொண்டார். மழைக்கணக்கைச் சொன்னதும், ஐப்பசி மாதத்தில் ஒருமுறை போய் நான்கு நாள் தங்கிப் பார்த்துவிட்டுத்தான் கொழும்பு வீட்டை விட வேண்டும் என்றார். சரியான பேச்சு. மாசி வெயிலில் எல்லா மலையூரும் நன்றாகத்தான் இருக்கும். மழையில் பார்த்தால்தான் கான் வேலை செய்கிறதா என்று தெரியும். கீழ்வீட்டு அம்மாவுக்கு அழைத்துச் சொன்னோம். அதுவரை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று அவரும் சொல்லிவிட்டார். ஒரு மாத வாடகையை முன்பணமாக அனுப்புகிறோம்.

அதற்குள் செய்ய வேண்டியவை: பாடசாலை விடுமுறையில் மனைவி பஸ்ஸில் போய் வீட்டைப் பார்ப்பது, அந்த இடத்துக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை வாங்கியிருக்கிறதா என்று பிரதேச சபையில் கேட்பது, தம்பிக்கு டிஸ்க் பிரேக் சைக்கிள் ஒன்று பார்ப்பது. என் சைக்கிளில் பின் பல்சக்கரத்தை 40 பல்லுக்கு மாற்றக் கடையில் விலை கேட்டிருக்கிறேன். செயினையும் இரண்டு இணைப்புக் கூட்ட வேண்டுமாம்.